செர்ரி ஸ்லஷுக்கு ஒன்பது

ஆர்வில் டாக்கெட் அதிகம் பேசாதவர். ஓக்லஹோமாவின் கிரேடி ஃபோர்க் ஊரில் அவருடைய மௌனத்தை எல்லோரும் ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே நடப்பது என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் செர்ரி நல்லதா, திராட்சை நல்லதா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கும். சில நாட்களில் எதுவுமே நடக்காது.

வாரத்தில் ஐந்து நாள், மதியம் இரண்டு மணிக்கு, அவர் தன் பிக்கப் வண்டியை வண்டியில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடிக்கும் ரெட் ஸ்லெட் டிரைவ்-இன் கடையின் ஏழாம் எண் நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். ஸ்டியரிங்கின் மேல் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். வசந்தத்தில் திறந்த பக்கம் ஜூலையிலும் திறந்திருக்கும். பக்கத்தில் பனிச்சறுக்கு வண்டி வரைந்த விலைப் பலகையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். ஸ்பீக்கர் கரகரக்கும்.

"ரெட் ஸ்லெட்டுக்கு நல்வரவு. இன்னைக்கு உங்க தாகத்தை எந்த மலைச்சரிவுல சறுக்க விடலாம்?" என்று பணிப்பெண் ட்வைலாவின் குரல் கேட்கும். பிறகு அதே மூச்சில், "இதைச் சொல்லாம விட்டா எம்மேல புகார் எழுதிப் போட்டுடுவாங்க கண்ணு. செர்ரிதானே?"

"ம்."

ரெட் ஸ்லெட்டில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் விதமாக ஸ்லஷ் என்னும் ஐஸ் துருவல் பானத்தைக் கலக்கலாம் என்று பலகை சொன்னது. ஆர்வில் பதினோரு வருடமாக ஒரே ஒரு விதத்தைக் குடித்து வந்தார், மற்ற எல்லாவற்றையும் ஆலோசித்து நிராகரித்துவிட்டவர் போன்ற முகத்தோடு.

அந்த முகம் அவருக்குச் சும்மா வந்ததல்ல. கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், வருடாந்தரச் சந்தையில் ஜாம், ஊறுகாய் போட்டிக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் நடுவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருக்கும் அவர் பத்துக்குப் பத்து போட்டதில்லை. ஒன்பதே மூன்று பேருக்குத்தான். பத்து என்பது பரலோகத்துக்கு ஒதுக்கி வைத்த எண் என்பதில் அந்தக் கவுண்டியில் பாப்டிஸ்டுகளுக்கும் மெதடிஸ்டுகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒன்பது வாங்கியவர்களின் வீட்டில் நீல ரிப்பன் கூடத்தில் தொங்கும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ட்வைலா தட்டோடு சக்கரக் காலணியில் உருண்டு வந்தவள், கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. நாற்பத்தேழு வயது. பதினான்கு வருடமாக வண்டிக்கு வண்டி இப்படி உருண்டுகொண்டிருந்தாள்.

"கண்ணு, ஒரு உதவி. என்னைப் பகல் மேனேஜரா போடலாமா வேணாமானு வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்க. போட்டுட்டா இந்தச் சக்கரத்தைக் கழட்டி எறிஞ்சிடலாம். என் முட்டி ரெண்டும் இப்ப மழை வர்றதை டிவிக்கு முன்னாடியே சொல்லுது."

ஆர்வில் தலையசைத்தார்.

"ரசீதுக்குக் கீழ ஒரு சர்வே இருக்கு. அதுல எனக்கு மார்க் போட்டு விடறீங்களா? மார்க் போடறதுல உங்களை விட்டா இங்க யாரு இருக்கா?"

இந்தக் கடைசி வாக்கியம் ஆர்விலுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையில் கணினியைத் திறந்தார். பதில் போடத் தேவையில்லை என்றாலும் ஒரு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டார்.

முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. உறிஞ்சுகுழல் உங்களைப் புரிந்துகொண்டதா? பனிக்கட்டியின் மனநிலையை எப்படி விவரிப்பீர்கள்? கோப்பையைக் கையில் வாங்கியபோது குழந்தைப் பருவம் எவ்வளவு தூரம் திரும்பி வந்தது: முழுவதுமாகவா, பாதியா, வரவே இல்லையா? ஆர்வில் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி யோசித்து விடையளித்தார். கடைசிக் கேள்வி, மொத்த மகிழ்ச்சிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் கேட்டது.

அவர் மனைவி நெல்டா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "ரெண்டு மணி நேரமா அசையாம உக்காந்திருக்கியே, உயிரோட இருக்கியா?"

"மார்க் போடறேன்."

"ஐயோ பாவம், யாருக்கு?"

"ட்வைலாவுக்கு. ஒன்பது."

நெல்டா குழாயை நிறுத்தினாள். "ஒன்பதா? என் வெள்ளரிக்கா ஊறுகாய்க்கு ஏழரை போட்ட கையா அது?"

"உன்னோடதுல கடுகு தூக்கல்."

"பதினாறு வருஷமா தூக்கல்," என்று நெல்டா குழாயைத் திறந்துவிட்டாள்.

ஆர்வில் ஒன்பதை அழுத்தினார். வாழ்க்கையில் நான்காவது ஒன்பது. ஒரு மனிதனுக்கு அறுபத்தொரு வயதில் தாராள மனம் வருவது எவ்வளவு அழகு என்று தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டு படுக்கப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. டல்லஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண். குரலில் ஈரம்.

"டாக்கெட் சார், ரெட் ஸ்லெட் மகிழ்ச்சி மீட்புத் துறையில இருந்து பேசறேன். உங்களுக்கு நேர்ந்ததைக் கேட்டு நாங்க எல்லாரும் ரொம்ப வருத்தத்துல இருக்கோம்."

ஆர்வில் நெல்டா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். இருந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்குத்தான் சார். ஒண்ணு குறைஞ்சிருக்கு."

அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, வழக்கத்துக்கு மாறாக இரண்டு முழு வாக்கியங்கள் பேசினார். "அம்மா, இந்தக் கவுண்டியில ஒன்பதுதான் உச்சம். நான் பாராட்டித்தான் போட்டேன்."

"புரியுது சார். துயரத்துல இருக்கறவங்க முதல்ல இப்படித்தான் மறுப்பாங்க. எங்ககிட்ட ரெண்டு பெட்டிதான். பத்துன்னா மகிழ்ச்சி. ஒன்பதுல இருந்து பூஜ்யம் வரைக்கும் துயரம்."

"ஒன்பதும் பூஜ்யமும் ஒரே பெட்டியா?"

"துயரத்துல நாங்க ஏற்றத்தாழ்வு பாக்கறதில்லை சார்."

பதினோரு மணிக்கு ஒரு வேன் வந்தது. இருவர் இறங்கி, காற்றடைத்த ஆறடிப் பனிமனிதன் ஒன்றை வாசல் புல்லில் நட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மௌனத்தில் தனக்கு இருந்த இருபது வருடப் பெயரை மதித்து ஆர்விலும் கூட நின்றார். பனிமனிதனின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: "உங்களோடு சேர்ந்து உருகுகிறோம்."

இரண்டு மணிக்கு ஏழாம் எண்ணில் பொத்தானை அழுத்தியபோது ட்வைலா உருண்டு வரவில்லை, நடந்து வந்தாள். காலில் சக்கரம் இல்லை. மேலே ஒரு நீல அங்கி. அதில் 'நான் இன்னும் கற்றுக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தது. அவள் முட்டிக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்ததே என்று ஆர்விலுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில்தான் அவருடைய அறிவு வேகமாக வேலை செய்யும்.

"ஒன்பதா போட்டீங்க?" என்றாள் ட்வைலா.

"அது உச்சம்."

"எனக்குத் தெரியாதா கண்ணு? எங்கம்மா பீச் ஜாமுக்கு ஒன்பது வாங்கின வாரம் பெருமையில சர்ச்சுல யாரையும் ஏறெடுத்துப் பாக்கலை. இந்த ஊருக்குத் தெரியும். டல்லஸ்ல இருக்கற கம்ப்யூட்டருக்கு யாரு போய்ச் சொல்றது?" தட்டை ஜன்னலில் மாட்டினாள். "காலையில இருந்து வீடியோ காட்டறாங்க. அதுல ஒருத்தன் பிரிட்ஜைக் கட்டிப்பிடிச்சு அழறான். நானும் சேர்ந்து அழுதாத்தான் அடுத்த பாடம் வருமாம்."

"நாளைக்குச் சரியாயிடும்."

"ஆகாது. அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கணுமாம். கண்டுபிடிக்கலைன்னா அது நான்தானாம். மேனேஜர் வேலை கிடக்கட்டும், இருக்கற வேலையும் போயிடும். பதினாலு வருஷம்."

ஆர்வில் நீண்ட மௌனத்துக்குள் போனார்.

"பேசறதா இருந்தா இப்பவே பேசிடுங்க," என்றாள் ட்வைலா. "ஸ்லஷ் உருகுது."

அவள் நடந்து போனாள். அன்றைக்குச் செர்ரி ஸ்லஷ் அவருக்கு மாத்திரை கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமைக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. ட்வைலா கையால் ஸ்லஷ் வாங்காதவர் அந்த ஊரில் இல்லை. எழுபத்து மூன்று பேர் ரசீதைத் தேடி எடுத்து சர்வேயில் பத்து போட்டார்கள். பலருக்கு அது வாழ்க்கையில் முதல் பத்து. சந்தைக் கமிட்டித் தலைவர் டாய்ல் ஹக்கபி, போட்டுவிட்டு வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னார். விளைவாக டல்லஸில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இந்த ஊரின் மக்கள்தொகை, மழையளவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கும்போது இவ்வளவு மகிழ்ச்சிக்கு இங்கே முகாந்திரம் இல்லை என்று கணினி அறிக்கை கொடுத்தது. ஆகவே வட்டார மகிழ்ச்சி இயக்குநர் நேரில் வருவதென்று முடிவாயிற்று.

அவர் பெயர் பிராண்ட்லி கோ. வெள்ளிக்கிழமை மதியம் நூற்று நான்கு டிகிரி வெயிலில் கோட்டும் சிவப்பு டையுமாக வந்து இறங்கினார். ஏழாம் எண் நிறுத்தத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு வெளியே பாதி ஊர் மடக்கு நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ட்வைலா நீல அங்கியோடு நின்றாள். கோ ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறிக்கொண்டார்.

"நண்பர்களே, ரெட் ஸ்லெட்ல நாங்க ஸ்லஷ் விக்கறதில்லை. ஐஸ், சர்க்கரை, சாயம். அதை யாரு வேணும்னாலும் விக்கலாம். நாங்க தர்றது, காது கொடுத்துக் கேக்கறது. போன வருஷம் மட்டும் நாப்பது லட்சம் பேர் சொன்னதைக் கேட்டிருக்கோம். ஒருத்தர் சொன்னதையாவது செஞ்சீங்களானு கேட்டா, அது வேற துறை." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஆறு வருஷமா இந்தக் கம்பெனியில இருக்கேன். பல்லு கூசும்னு இன்னை வரைக்கும் ஒரு ஸ்லஷ்கூட குடிச்சதில்லை. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது."

நெல்டா பக்கத்து நாற்காலிக்காரியிடம், "ஆர்விலாவது தொட்டு நக்கிப் பாத்துட்டுத்தான் குறை சொல்லுவான்," என்றாள்.

விசாரணை தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நடந்தது அப்படியே திரும்ப நடத்தப்பட்டது. ஆர்வில் பிக்கப்பில் உட்கார்ந்தார். புத்தகம் அதே பக்கத்தில் இருக்கிறதா என்று கோ சரிபார்த்தார். அது ஒன்றுதான் சிரமமில்லாமல் நடந்தது. ட்வைலாவுக்குச் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து உருண்டு வரச் சொன்னார்கள். வந்தாள். கோ ஸ்லஷுக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். உறிஞ்சுகுழலைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். கோப்பையைக் காதோரம் வைத்துக் கேட்டார். "இங்க இல்லை," என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "குறைஞ்ச ஒண்ணு போயிருக்கக்கூடிய இடம் அஞ்சுதான் சார். ஐஸ், சிரப், கோப்பை, குழல், ஊழியர். முதல் நாலும் தலைமை அலுவலகத்துல சான்றிதழ் வாங்கினது. அதுல தப்பு நடக்காது."

"வெயில்?" என்றார் ஆர்வில்.

"வெயிலைக் குறை சொல்ல முடியாது சார். அது எங்க வியாபாரக் கூட்டாளி."

ஆர்வில் சற்று யோசித்தார். "மனுஷனுக்கு எது கிடைச்சாலும் ஒண்ணு குறையற மாதிரிதானே இருக்கும்?"

கோ படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லை," என்று பேனாவைத் திறந்து, ஐந்தாவது கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

ட்வைலா தன் காலணியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுடைய மௌனம் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று ஆர்விலுக்கு அதுவரை தெரியாது.

"நிறுத்துங்க," என்றார். "பத்துன்னு மாத்திக்கறேன்."

மடக்கு நாற்காலிகள் கிரீச்சிட்டன. டாய்ல் ஹக்கபி தொப்பியைக் கழற்றினார். ஆனால் கோதான் எல்லோரையும்விட அதிகம் அதிர்ந்து போனார்.

"சார், மார்க்குங்கறது விருந்தினரோட புனித உரிமை. அதுல நாங்களே கை வைக்க மாட்டோம். நீங்க எப்படி வைக்கலாம்?"

"அது நான் போட்ட மார்க்."

"போடற வரைக்கும்தான் உங்களோடது." கோ பையைத் துழாவி வேறொரு தாளை எடுத்தார். "ஒரே ஒரு வழி இருக்கு. மார்க் போட்டவருக்கே தகுதி இல்லைன்னு நிரூபணமானா அந்த மார்க் செல்லாது. நீங்களே எழுதிக் கொடுத்தா நிரூபணம் சுலபம்."

தாளை அவரே உரக்கப் படித்தார். "கீழே கையெழுத்திடும் நான், இனிப்பு, குளிர்ச்சி, மகிழ்ச்சி ஆகியவற்றை மதிப்பிடும் தகுதி எனக்கு இல்லை என்றும், எந்நாளும் இருந்ததில்லை என்றும், சுயநினைவோடு உறுதியளிக்கிறேன்."

"ஆர்வில்," என்று டாய்ல் ஹக்கபி நாடாவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டார். "நிதானமா யோசிச்சுக்க. எந்நாளும்னு இருக்கு. இருபத்திரண்டு வருஷத்து ரிப்பன் அத்தனையும் ஆடிப்போயிடும்."

"போடட்டும் விடு டாய்ல்," என்றாள் நெல்டா. "இந்தக் கை எழுதினதுலேயே நிஜமான காகிதம் இது ஒண்ணாத்தான் இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். ஆர்வில் பேனாவை வாங்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். இந்த டல்லஸ்காரப் பையனைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, ஏன் என்று யோசித்தார். கோட்டு ஒரு காரணம். குழல் வழியாக வானத்தைப் பார்த்தது இன்னொன்று. மூன்றாவது காரணம் மெதுவாக வந்தது. ஆகஸ்டு முழுக்க அடுப்படியில் வெந்து ஒருத்தி ஒரு ஜாடியைக் கொண்டுவந்து வைப்பாள். இவர் ஒரு கரண்டி நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, குறைகிற ஒன்றைத் தேடுவார். கண்டுபிடித்ததும் அவர் மனம் எவ்வளவு நிறைவாக இருக்கும். அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை, கண்தான் மூடியிருக்குமே. டல்லஸ் கம்பெனிக்குக் கணினி இருந்தது, கிரேடி ஃபோர்க்குக்கு ஆர்வில் டாக்கெட் இருந்தார். வாசலில் பனிமனிதனைக் கொண்டுவந்து நடுகிற மரியாதைகூட அவரிடம் இருந்ததில்லை.

கையெழுத்தைப் போட்டார். அதன் கீழே 'எந்நாளும்' என்ற சொல்லுக்கு அடிக்கோடும் இட்டார். நடுவராக அவர் செய்த கடைசித் திருத்தம் அது.

கோ முத்திரை குத்தினார். ஒன்பது அழிந்தது. மீதி இருந்தது எழுபத்து மூன்று பத்து. அவை எப்படி வந்தன என்று விசாரிக்க வந்தவர் அதை மறந்துபோய், ட்வைலாவின் நீல அங்கியைத் தன் கையாலேயே கழற்றி, மேனேஜர் அட்டையைக் குத்திவிட்டார். ஆர்விலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி தகுதியில்லாத விருந்தினருங்கதான் சார் எங்க பலம்."

செப்டம்பர் சந்தைக்கு வேறு நடுவரைப் பார்த்துக்கொள்வதாக டாய்ல் ஹக்கபி ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வருத்தத்தோடு சொன்னார். பள்ளிக்கூடத்துக் கால்பந்துப் பயிற்சியாளராம். ஊறுகாயே சாப்பிட மாட்டாராம். ஆர்வில் தலையசைத்தார். ஊர் அதையும் ஆழம் என்றே எடுத்துக்கொண்டது. ஒரு பெயர் வந்துவிட்டால் லேசில் போகாது.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு அவர் ஏழாம் எண்ணில் வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினார்.

"கண்ணு," என்றது ஸ்பீக்கர், மலைச்சரிவு எதுவும் சொல்லாமல். "உங்க வண்டி நம்பருக்கு நேரா டல்லஸ்ல இருந்து ஒரு உத்தரவு வந்திருக்கு. தகுதியில்லாதவங்க அவங்களாவே சுவை தேர்ந்தெடுக்கக் கூடாதாம். மேனேஜர் பாத்துக் கொடுக்கறதைத்தான் குடிக்கணுமாம்."

"யாரு மேனேஜர்?"

"நான்தான்."

அவள் சாதாரணக் காலணியில் மெதுவாக நடந்து வந்தாள். கோப்பையில் இருந்தது பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. குளத்துப் பாசியை நினைவுபடுத்தியது. புளித்த வெள்ளரிக்காய் வாடை அவளுக்கு முன்பே ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது.

"இது என்ன?"

"கேக்கறதுக்கும் தகுதி இல்லை." ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "குடிங்க."

ஆர்வில் ஒரு வாய் இழுத்து, பழக்கத்தில் கண்ணை மூடினார். புளிப்பு முந்துகிறது, உப்பு பிந்துகிறது, நடுவில் ஏதோ ஒன்று... இருபத்திரண்டு வருடத்துச் சொற்கள் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. ஒன்றுக்கும் உள்ளே வர அனுமதி இல்லை. கையெழுத்தும் முத்திரையும் அவருக்கு நினைவு வந்தன. கண்ணைத் திறந்தார். ட்வைலா இரண்டு காலையும் தரையில் முழுதாக ஊன்றி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குழலைக் கவ்வி, மூச்சு விடாமல், பாதிக் கோப்பையை உறிஞ்சினார்.

சொட்டுச் சொட்டாக ருசி பார்த்தே வயதானவருக்கு, ஐஸை ஒரே மூச்சில் இழுப்பதன் பலன் தெரிந்திருக்கவில்லை. புருவத்துக்கு நடுவே யாரோ குளிர்ந்த ஆணியை வைத்து அடித்தார்கள். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே முன்னால் சாய்ந்தார். புத்தகம் சரிந்து விழுந்தது. நெற்றி ஹாரனில் மோதி அங்கேயே தங்கிவிட்டது. பிக்கப் வண்டி அலறியது. பன்னிரண்டு நிறுத்தங்களிலிருந்தும் தலைகள் வெளியே நீண்டன. கிரேடி ஃபோர்க்கில் ஆர்வில் டாக்கெட் எழுப்பிய மிகப் பெரிய சத்தம் அதுதான்.

"நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வைங்க," என்று ட்வைலா அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். சிரிப்பை அடக்கியதில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது. "விட்டுடும், விட்டுடும். அவசரப்பட்டு இழுத்தா இப்படித்தான். சின்னப் பசங்களுக்கே தெரியுமே கண்ணு."

வலி மெல்ல இறங்கியது. ஆர்வில் கோப்பைக்குள் பார்த்தார். மீதியையும் குடித்து முடித்து, காலிக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"இன்னொண்ணு," என்றார்.

"இதேவா, வேறயா?"

"அது உன் பொறுப்பு."